காந்தத்தில் ஒட்டாத காசு

நம் பள்ளிக் குழுவில் போன வாரம் ஒருவர் போட்ட செய்தியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வெள்ளி விலை ஏறிக்கொண்டே போகிறது, ராஜா காலத்து வெள்ளி ரூபாய்களை மூட்டையாக எடை போட்டுக் கொடுக்கிறார்கள், நாலு பேர் சேர்ந்து வாங்கிப் போட்டால் பேரப்பிள்ளைகளுக்கு ஆகும் என்று எழுதியிருந்தார். கீழே கட்டைவிரல் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. இன்னொருவர், ‘காந்தம் வைத்துப் பார்த்து வாங்குங்கள், வெள்ளி என்றால் ஒட்டாது’ என்று புத்திமதியும் சொல்லியிருந்தார். நான் பதில் எழுத ஆரம்பித்து அழித்தேன். மறுபடி எழுதி மறுபடி அழித்தேன். அன்றிலிருந்து எனக்கு வயிற்றைப் பிசைகிறது. வீட்டில் டாக்டரிடம் போகச் சொல்கிறார்கள். இது டாக்டர் சமாச்சாரம் இல்லை, ஐந்தாம் வகுப்புச் சமாச்சாரம் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது?

குழுவில் எழுத முடியாததை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். முக்கால்வாசிப் பேர் ரிடையர் ஆகி உட்கார்ந்திருக்கிறீர்கள், படியுங்கள்.

அந்த வருஷ மழைக்காலம் உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். கொடியில் காயப்போட்ட துணி மூன்று நாளைக்குக் காயாது. காய்ந்ததை எடுத்து உதறினால் கரித்தூள் பறக்கும். வெள்ளை யூனிபார்ம் சட்டையை நீலம் போட்டு நீலம் போட்டு, கடைசியில் அது நீலச் சட்டையாகவே ஆகிவிடும். சுரங்கத்து ஷிப்ட் சங்கு ஊதுவதை வைத்துத்தான் அம்மா உலை வைப்பாள். அப்பா சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பக்கம் வேலை. பெர்மனென்ட். அந்த ஒரு வார்த்தை எங்கள் சொந்தக்காரர்கள் நடுவில் கலெக்டர் உத்தியோகத்துக்குச் சமம். கல்யாணப் பேச்சு, கோர்ட் கேஸ், காய்ச்சலுக்கு என்ன மாத்திரை என்று எல்லாவற்றுக்கும் அப்பாவிடம் வந்து கேட்பார்கள். அப்பாவும் எதற்கும் தெரியாது என்று சொன்னதில்லை.

பெல்ட்டுக்கு மேலே பெரிய காந்தம் ஒன்று தொங்கும் என்று அப்பா சொல்வார். கரியோடு கலந்து வருகிற போல்ட், நட்டு, உடைந்த இரும்புத் துண்டு எல்லாவற்றையும் அது இழுத்துக்கொள்ளுமாம். அந்தக் காந்தத்தைப் பற்றி அவர் பேசினால் சொந்தத் தம்பியைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும். ஒரு நாள் மட்டும் சாப்பிடும்போது அதைத் திட்டித் தீர்த்தார். செம்புக் கேபிள் துண்டு ஒன்று காந்தத்துக்கு அகப்படாமல் நழுவிப் போய் எங்கேயோ சிக்கி, அன்றைய ஷிப்ட்டே கெட்டுப் போனதாம். இதை நீங்கள் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். அவர் மறந்துவிட்டார்.

வீட்டிலும் ஒரு காந்தம் இருந்தது. குளியல் சோப்பு அளவு, ஒரு மூலை உடைந்தது, கழித்துப் போட்டதைக் கேட்டு வாங்கி வந்தார். அதற்கு நான்தான் பொறுப்பு. அம்மாவின் ஊசி கீழே விழுந்தால் காந்தத்தை எடுத்துக்கொண்டு நான் தரையெல்லாம் தவழ்வேன்.

இனி மாமா. அம்மாவுக்கு ஒரே அண்ணன். அவருடைய முக்கால் காணி, அதாவது ஒரு ஏக்கர் கொல்லையும் வீடும் சுரங்க விரிவுக்குப் போயிற்று. ஏழெட்டு முந்திரி மரம், ஒரு பலா, மழை பெய்தால் மல்லாட்டை என்கிற நிலக்கடலை, அவ்வளவுதான் அந்தக் கொல்லை. நஷ்டஈட்டுப் பணம் வந்தது. அத்தையின் பிறந்த ஊரில், பண்ருட்டிக்குக் கிழக்கே, ஒரு நிலம் பார்த்து முன்பணமும் கொடுத்துவிட்டார். மீதியைத் தை மாதத்துக்குள் கொடுத்துப் பத்திரம் பண்ண வேண்டும். தவறினால் முன்பணமும் போய்விடும், நிலமும் போய்விடும். அதுவரைக்கும் அத்தையும் கைக்குழந்தையும் அத்தையின் அம்மா வீட்டில். மாமா அங்கேயும் இங்கேயும் சைக்கிளில் அலைந்துகொண்டிருந்தார்.

ஒரு நாள் அவர் எங்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது அப்பா ஆரம்பித்தார்.

“மச்சான், தை வரைக்கும் மூணு மாசம் இருக்கு. அதுவரைக்கும் பணம் பேங்க்ல சும்மா தூங்கணுமா? வெள்ளி இன்னிக்கு ஒரு வெல, நாளைக்கு ஒரு வெல. ஏறுதே தவிர எறங்கல. மூணு மாசம் வெள்ளியா மாத்தி வெச்சிருங்க. முக்கா காணி வாங்குற எடத்துல ஒரு காணி வாங்கலாம்.”

மாமா டீ டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“நீங்க சொன்னா சரிதாங்க மாப்ள. எனுக்கு மண்ணப் பாத்தா தெரியும். வெள்ளியப் பத்தி என்னா தெரியும்?”

“அதுக்குத்தான் நான் இருக்கேன்ல.”

அம்மா உள்ளேயிருந்து, “இருக்குற பணத்த அப்பிடியே வுட்டா என்னாங்க?” என்று கேட்டாள். அப்பா இன்னொரு டீ கேட்டார். அம்மாவும் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

நம் நகரியத்து பிளாக்குகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் எவர்சில்வர்காரர் ஒருவர் சைக்கிளில் வருவாரே, கேரியரில் குடமும் தூக்கும் கட்டிக்கொண்டு? அவர்தான். நிலம் எடுத்த ஊர்களில் வீட்டைக் காலி பண்ணுகிறவர்கள், அடுப்படியில் புதைத்து வைத்திருந்த காசு, பரணில் கிடந்த காசு எல்லாவற்றையும் அவரிடம் கொடுத்து எவர்சில்வர் வாங்கிக்கொள்வார்கள். புது இடத்துக்குப் போகும்போது பளபளவென்று ஒரு குடமாவது கையில் இருக்கட்டும் என்றுதான். அந்தக் காசுகளை அவர் காடாத் துணிப் பைகளில் மொத்தமாகச் சேர்த்து, உருக்குகிறவர்களிடம் எடைக்கு விற்பார்.

அந்த ஞாயிறு இரண்டு பைகளை எங்கள் கூடத்தில் கொண்டுவந்து வைத்தார். ஒன்றின் வாயில் சிவப்பு நூல், இன்னொன்றில் நீல நூல். பழங்காசுக்கு ஒரு வாசனை உண்டு. வியர்வையும் மண்ணும் அடுப்புப் புகையும் கலந்தது. பை வாயைத் திறந்ததும் கூடமெல்லாம் அந்த வாசனை. அம்மா ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

“செவப்பு நூலு ராணி காசு, தாடி ராஜா காசு சார். நல்ல வெள்ளி,” என்றார் எவர்சில்வர்காரர். “நீல நூலு, பின்னால வந்த ராஜா. தாடியில்லாதவரு. அது மட்டம் சார். விளிம்பப் பாருங்க, நடுவுல பள்ளம் ஓடும். அதான் அடையாளம். வெலயும் கொஞ்சம் கொறச்சிதான் போடறேன்.”

“எவ்ளோ மட்டம்?”

“அது எனுக்குத் தெரியாது சார். பண்ருட்டில பத்தருங்க பாத்தா மூஞ்ச சுளிப்பாங்க. அவ்ளோதான் தெரியும்.”

அப்பா மாமாவைப் பார்த்துக் கண்ணடித்தார். பிறகு என்னைப் பார்த்து, “பாப்பா, எடுத்துக்கினு வா,” என்றார்.

காந்தத்தைக் கொண்டுவந்தேன். சிவப்பு நூல் பைக்குள் விட்டு எடுத்தார். ஒன்றும் ஒட்டவில்லை. நீல நூல் பைக்குள் விட்டார். டக் டக்கென்று ஏழெட்டுக் காசு ஒட்டிக்கொண்டு வந்தன. எல்லாம் பின்பக்கம் புலி போட்ட நிக்கல் காசுகள். எவர்சில்வர்காரர் முகம் சிறுத்துவிட்டது. “அது எப்பிடியோ கலந்துடுச்சி சார்,” என்று அவற்றைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். அப்பா மறுபடி விட்டார், கிளறினார், கவிழ்த்துக் கொட்டிப் பரப்பியே பார்த்தார். அதற்குமேல் ஒரு காசுகூட ஒட்டவில்லை.

“பாத்தீங்களா மச்சான்? கலப்படம் எது, சுத்தம் எதுன்னு அதுவே சொல்லிடுச்சி. ரெண்டு பையும் ஒண்ணுதான். வெல ஜாஸ்தியா இருக்கறத நம்ம தலையில கட்டறதுக்கு இதை மட்டம்னு சொல்றாரு. வியாபாரம்! நீலத்தையே எடுப்போம். அரைக் கிலோ கூட வரும்.”

மாமா ஒரு காசை எடுத்து உள்ளங்கையில் வைத்து எடை பார்க்கிற மாதிரி அசைத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். “நீங்க பாத்தா சரி,” என்றார்.

எவர்சில்வர்காரரைக் குறை சொல்ல எனக்கு இன்றைக்கும் வாய் வரவில்லை. சொல்ல வேண்டியதை அவர் சொல்லிவிட்டார். போகும்போது இன்னொன்றும் சொன்னார். “அடுத்த ஞாயித்துக்கெழம இந்தப் பக்கம் வருவேன். மனசுக்கு ஒப்பலன்னா பைய அப்பிடியே குடுத்துட்டு பணத்த வாங்கிக்குங்க. அதுக்கு மேல கேக்காதீங்க சார்.”

ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. மாமாவின் கொல்லை, வீடு, மரங்கள் எல்லாம் சேர்ந்து அந்தப் பைக்குள் இருந்தன. பின்கட்டில் அடுப்புக்கரி மூட்டை இருக்குமே, அதற்குள் நடுவில் புதைத்து மேலே கரியைப் போட்டு மூடினார்கள். யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று எனக்கு உத்தரவு. அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி போயிற்று. பால்காரர் கதவைத் தட்டினால் அம்மா திடுக்கிடுவாள். பக்கத்து வீட்டு அம்மாள் கொஞ்சம் கரி கேட்டு வந்தால், “ஈரமாக் கெடக்குங்க” என்று பொய் சொல்வாள். பொய் சொல்லி வழக்கமில்லாதவள் என்பதால் சொல்லும்போது முகம் வெளுத்துவிடும். வகுப்பில் யாராவது ‘உங்க வீட்டில்’ என்று ஆரம்பித்தாலே எனக்கும் உள்ளங்கை வேர்க்கும்.

அப்பா என்னிடம் ஒரு வேலை கொடுத்தார். பள்ளி விட்டு வந்ததும் ஒவ்வொரு காசாக எடுத்துக் காந்தத்தில் வைத்துப் பார்த்து எண்ணிப் போட வேண்டும். இரண்டு நாள் செய்தேன். மூன்றாம் நாள், அதாவது புதன்கிழமை, ஒரு காசை எடுத்து வைத்துக்கொண்டேன்.

திருட வேண்டும் என்று எடுக்கவில்லை. பாண்டி ஆட நல்ல சில்லு எனக்கு இல்லை. என் ஓட்டுச் சில்லு கோட்டுக்கு வெளியே துள்ளி ஓடும். காசு கனமாக இருந்தது, போட்ட இடத்தில் நிற்கும் போலிருந்தது. ஒரு நாள் ஆடிவிட்டுத் திருப்பிப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால், பாதியில் நின்றுபோன பாலம் ஒன்றின் சிமென்ட் தளம் இருந்தது. அங்கே யாரும் வர மாட்டார்கள். கரியால் கட்டம் போட்டுத் தனியாக ஆடினேன். என்ன சில்லு தெரியுமா அது! எறிந்தால் சர்ரென்று வழுக்கி நடுக்கட்டத்தில் போய் நிற்கும். புதன், வியாழன், வெள்ளி என்று மூன்று நாள், மழை விட்ட நேரமெல்லாம் ஆடினேன். சனிக்கிழமை காலை காசைத் திருப்பிப் பார்த்தேன். ராஜாவின் கன்னம் தேய்ந்து உள்ளேயிருந்து செம்மஞ்சளாக ஏதோ தெரிந்தது.

எனக்கு உயிரே போய்விட்டது. துருப்பிடித்த இரும்பைப் பார்த்தே வளர்ந்த ஊர் நம்முடையது. வெள்ளிக்கும் ஏதோ துரு வந்துவிட்டது, சிமென்ட்டில் தேய்த்து நான்தான் வரவைத்துவிட்டேன் என்றுதான் என் புத்திக்குப் பட்டது. பாவாடையில் துடைத்தேன், எச்சில் தொட்டுத் துடைத்தேன். வீட்டுக்குள் போய்ப் பல்பொடி போட்டுத் தேய்த்தேன். இன்னும் நன்றாகச் சிவந்தது. பிறகு பென்சிலை எடுத்து ராஜாவின் கன்னத்தில் தீட்டிப் பார்த்தேன். கொஞ்சம் மறைந்த மாதிரி இருந்தது. போதுமா என்று வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று மறுபடி பாலத்துத் தளத்துக்கு ஓடினேன். அங்கே கட்டத்துக்குள் காசை வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“பாப்பா! ஒண்டியா ஆடிகினு இருக்கியா?”

மாமா, சைக்கிளோடு. சட்டென்று காசின் மேல் காலை வைத்துக்கொண்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், ஹாண்டில்பாரில் தொங்கிய பையிலிருந்து ஒரு பிடி வறுத்த மல்லாட்டை எடுத்துக் கொடுத்தார், “மழ வருது, வூட்டுக்குப் போ,” என்று சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டு போய்விட்டார். அவர் கீழே பார்க்கவே இல்லை என்று சத்தியம் பண்ணியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. எவர்சில்வர்காரரும் வந்தார். வெளியே தூறல். அப்பா ஈசிசேரில் இருந்தார், மாமா கதவோரம் நின்றார், அம்மா சமையலறை வாசலில். நான் பாவாடைப் பைக்குள் கையை விட்டுக் காசை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதன் விளிம்பு உள்ளங்கையில் பதிந்து கோடு போட்டிருந்தது.

“என்னா சார், மனசுக்குத் திருப்திதானே? பணம் இதோ கையோட கொண்டாந்துருக்கேன்.”

“நூத்துக்கு நூறு. எம்பொண்ணு ஒண்ணு விடாம டெஸ்ட் பண்ணிட்டா. என்ன பாப்பா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலையாட்டினேன். காசை எடுத்து நீட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அப்பா பெல்ட்டை உருவுவார். பக்கத்து வீட்டுப் பையன் ரப்பர் திருடியதற்கு வாங்கிய அடியைப் பார்த்துவிட்டு, ‘நம்ம வீட்டில் இப்படி நடந்தால் இதைவிட ஜாஸ்தி விழும்’ என்று சொன்னவர் அவர்.

மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்தில் வந்து குனிந்து, “என்னா பாப்பா, வயிறு வலிக்குதா?” என்று கேட்டார். ஆமாம் என்று அழுதேன். “ஆமாமா, கொழந்தைக்கு வயித்து வலிம்மா, கொஞ்சம் ஓமத்தண்ணி குடு,” என்று அம்மாவிடம் என்னைத் தள்ளிவிட்டார். எவர்சில்வர்காரர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மழையோடு போய்விட்டார்.

அதன்பிறகு வந்த வாரங்களை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். காசைப் பள்ளிப் பையின் அடி அட்டைக்குள் வைத்துத் தைத்துவிட்டேன். வெள்ளி விலை என்னவோ அப்பா சொன்ன மாதிரியே ஏறிற்று. பேப்பரில் அந்த மூலையைப் பார்த்துவிட்டு அவர் ஒவ்வொரு நாளும் ஒரு அங்குலம் வளர்ந்தார். “மச்சானுக்கு ஒரு காணி இல்ல, ஒண்ணே கால் காணியே வரும்,” என்பார். அம்மா பொங்கலுக்கு அத்தைக்கும் குழந்தைக்கும் புதுத்துணி அனுப்பியபோது, புது நிலத்தில் ஊன்ற பலாக்கொட்டையும் ஒரு முடிச்சில் கட்டி அனுப்பினாள்.

பொங்கல் விடுமுறையில் பண்ருட்டிக்குப் போனோம். அப்பா, மாமா, நான். காந்தத்தை வைத்துக்கொள்ள நான் வேண்டுமாம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் முந்திரி வறுக்கிற புகை கண்ணைக் கரித்தது. பத்தர் கடையில் ஒரே ஒரு பெஞ்ச். அப்பா பையைத் தூக்கி அவர் முன்னால் வைத்து, நீல நூலை அவிழ்த்து, என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். காந்தத்தைக் கொடுத்தேன். அதைக் காசுகளின் மேல் தடவிக் காட்டினார்.

“பாருங்க, ஒண்ணுகூட ஒட்டாது.”

பத்தர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். கேலி இல்லை அவர் குரலில். மெதுவாகத்தான் சொன்னார்.

“காந்தத்துக்குச் செம்பும் ஒட்டாதே சார்.”

அப்பா காந்தத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டார். செம்புக் கேபிள் துண்டைப் பற்றி வீட்டில் கத்தியவர் அவர்தான். அந்த நிமிஷம் அது அவருக்கு ஞாபகம் வந்ததை நான் அவர் முகத்தில் பார்த்தேன். பத்தர் ஒரு காசை உளியால் இரண்டாக வெட்டி, வெட்டிய இடத்தில் ஒரு சொட்டுத் திராவகம் விட்டார். பச்சையாக நுரைத்தது. “பாதிதான் சார் வெள்ளி. மீதி செம்பும் அது இதும். பாதி வெலதான் குடுக்க முடியும்.”

அப்பா இன்னும் நாலு காசை வெட்டச் சொன்னார். ஐந்தாவதற்குப் பிறகு மாமா அவர் கையைப் பிடித்து, “வுடுங்க மாப்ள,” என்றார்.

எல்லாவற்றையும் எண்ணியபோது எவர்சில்வர்காரர் சொன்ன கணக்கில் ஒரு காசு குறைந்தது. “அந்த ஆளு எண்ணிக்கையிலயும் ஏமாத்திட்டான்,” என்றார் அப்பா. நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது சொல்லப்போவதைச் சொல்ல எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது. வெட்டிய காசின் உட்புறம் என் காசின் கன்னத்து நிறமாகவே இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் வந்தது. ஆமாம், சந்தோஷம்தான். நான் கெடுக்கவில்லை, அது முதலிலிருந்தே அப்படித்தான் என்று மூன்று மாதமாக நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். மாமா எதிர் சீட்டில் காலிப் பையை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பையைப் பார்த்தபோதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கையைத் திறந்திருந்தால் போதும். பணம் கையோடு வந்திருந்தது, வாங்கிக்கொள்ள ஆளும் நின்றிருந்தார்.

ஏறிய விலையும் அந்தக் குறையை நிரப்பவில்லை. தை முடிந்தது. நிலம் வேறு ஆளுக்குப் போயிற்று, முன்பணமும் போயிற்று. அதற்குப் பிறகு நில விலை ஏறிய ஏற்றத்தை மாமாவால் எட்டிப் பிடிக்கவே முடியவில்லை. அப்பா யார் யாரையோ பிடித்து அவரைக் கான்ட்ராக்ட் வேலையில் சேர்த்துவிட்டார். கடைசிவரைக்கும் கான்ட்ராக்ட்தான். நகரியத்தை ஒட்டிய புறம்போக்கில் ஓலை வீடு, பிறகு ஓட்டு வீடு. அப்பா ஒவ்வொரு போனஸுக்கும் ஒரு கவரைக் கொண்டுபோய் அத்தையிடம் கொடுப்பார். தப்பு என்னுடையது என்று ஒரு தடவையாவது அவர் வாயால் சொல்லியிருந்தால் அம்மா அவரை மன்னித்திருப்பாள் என்று நினைக்கிறேன். சொல்லவில்லை. காந்தத்தை அந்த பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கினோம். வேண்டுமென்றேதான் விட்டாரா, மறந்தாரா என்று தெரியாது. அம்மாவின் ஊசி விழுந்தால் அதன்பிறகு கையால்தான் துழாவினோம்.

மாமா என்னை எப்போது பார்த்தாலும் ஒரே கேள்விதான் கேட்பார். “என்னா பாப்பா, வயித்து வலி சரியாப் போச்சா?” நான் கல்லூரிக்குப் போனபோது கேட்டார், என் கல்யாணத்தில் மாலையோடு நின்றபோது கேட்டார், என் பிள்ளைக்குக் கல்யாணம் ஆனபோதும் கேட்டார். எல்லோரும் சிரிப்பார்கள். காசைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று மூன்று தடவையாவது அவர் வீட்டுக்குப் போயிருக்கிறேன். காபி குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

போன மாசி மாதம் மாமா போய்விட்டார். அப்பா, அம்மா இருவரும் முன்பே போய்விட்டார்கள். தகவல் வந்ததும் பீரோவிலிருந்து அந்தக் காசை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று யோசிக்கவில்லை. குளிப்பாட்டிச் சந்தனம் பூசிய பிறகு, “நெத்திக்காசு ஒண்ணு குடுங்க,” என்று யாரோ கேட்டார்கள். ஆளாளுக்குப் பையைத் துழாவினார்கள். நான் முன்னால் போய் ஈரச் சந்தனத்தில் அந்தக் காசை வைத்தேன். ராஜா தலை மேலே இருந்தது. கன்னத்துச் சிவப்பு நன்றாகத் தெரிந்தது.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அத்தை அதையே பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினாள்.

“நீ சில்லு ஆடுன காசுதான இது?”

நான் தலையாட்டினேன்.

“அன்னிக்கே எங்கம்மா வூட்டுக்கு வந்து சொன்னாரு. புள்ள கால வெச்சி மறைக்கறதுக்கு முன்னாடியே பாத்துட்டேன், செவசெவன்னு இருக்குது, அது மட்டந்தான் போலருக்குதுன்னாரு. அப்ப நாளைக்கே போயி ஒங்கப்பாகிட்ட சொல்லுங்க, பைய திருப்பிக் குடுத்துடலாம்னு நான் தலபாடா அடிச்சிகினேன். எங்க கேட்டாரு? எப்பிடித் தெரியும்னு மாப்ள கேப்பாரு, புள்ள எடுத்துச்சின்னு சொல்லணும், அடி பின்னிடுவாரு, அத்தினி பேரு முன்னாடி மாப்ளைக்கும் மொகம் இல்லாம பூடும், எந்தங்கச்சி அந்தூட்டுல இருக்கணும்ல, கொஞ்சம் கொறஞ்சா கொறஞ்சிகினு போவுதுன்னாரு. பாதி போவும்னு அவரு கண்டாரா?”

நான் அழுதேன். அத்தை அழவில்லை.

“அவரு அன்னிக்கே வுட்டுட்டாரு. எனுக்குத்தான் ஆறல,” என்றாள். “ஓட்டு வழியா ஒவ்வொரு மழைக்கும் ஒழுவறப்ப ஒன்னத்தான் நெனச்சிக்குவேன்.” என் கையை மட்டும் அவள் விடவில்லை.

தூக்கிக்கொண்டு போனார்கள். நாங்கள் பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டு உட்கார்ந்திருந்தோம். சாயங்காலம் ஆண்கள் குளித்துவிட்டு ஈரத் துணியோடு திரும்பி வந்தார்கள். அந்தக் காலத்தில் கைக்குழந்தையாக இருந்த மாமா மகன், தலை மழித்துக்கொண்டு வந்து என் முன்னால் கையை நீட்டினான்.

“சுடுகாட்டுல வேல பாக்குறவருக்குத்தான இது சேரும். பாத்துட்டு, இது செல்லாது, வேற காசு குடுங்கன்னுட்டாரு. புது ரூபா ஒண்ணு குடுத்துட்டோம். நீங்க வெச்ச காசாமே, அம்மா ஒங்ககிட்டயே குடுக்கச் சொல்லிச்சி.”

வாங்கிக்கொண்டேன். ராஜாவின் கன்னத்தில், நான் தேய்த்த இடத்தில், சந்தனம் இன்னும் காயாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.